ஏழாவது வரிசைக் கல்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் வாலு எழுதுவது. நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பாதி உண்மைதான்.

கல்வெட்டுப் படிக்கிற வேலை இந்த முறை என்னை எங்கே கொண்டுவந்திருக்கிறது தெரியுமா? நான் பிறப்பதற்கு முன் நீங்கள் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, திரும்பக் கட்டினீர்களே, அதே கோயில் சுவர். ஆயிரம் வருஷத்துக் கற்கள். இன்றைக்கும் இரண்டு கல்லுக்கு நடுவே ஒரு தாள் நுழையாது. 'எங்கப்பா கட்டினது' என்று காவலாளியிடம்கூடப் பீற்றிக்கொண்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும், மூன்று நாளாக முழிக்கிறேன். ஏழாவது வரிசையில் ஒரு கல் தலைகீழாக இருக்கிறது. அதிலுள்ள எழுத்தெல்லாம் கவிழ்ந்து கிடக்கிறது. அறிக்கையில் எழுதியே ஆக வேண்டும். உங்கள் பெயரைப் போட மனம் வரவில்லை. 'பழைய திருப்பணியில் நேர்ந்தது' என்று மட்டும் எழுதட்டுமா?

உங்கள் மகள்

மார்ச் 11

மகளுக்கு,

நாற்பது வருஷம் கல்லோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரு கல்லைக்கூட மாற்றி வைத்ததில்லை. போய் மறுபடி பார். கண்ணாடியையும் மாற்று.

அப்பா

மார்ச் 23

என் வாலுவுக்கு,

உன்னிடம் சொல்லாமல் கோயிலுக்கு வந்துவிட்டுப் போனேன். உன்னை என்ன கேட்பது என்று பேருந்திலேயே ஒத்திகை பார்த்தாயிற்று. சுவர் முன்னால் நின்றதும் எல்லாம் அடங்கிவிட்டது. நீ சொன்னதுதான் சரி. அந்தக் கல்லின் எண் மழையில் அழிந்துபோனது இப்போது ஞாபகம் வருகிறது. அளவு பார்த்து வைத்தேன். பழைய எழுத்து எனக்கு எங்கே தெரியும்?

நீ வந்தவர்களுக்குக் கல்வெட்டைப் படித்துக்காட்டிக்கொண்டிருந்தாய். தூணுக்குப் பின்னால் நின்று முழுசும் கேட்டேன். கோயிலில் விளக்கெரிக்க அந்தக் காலத்தில் நிலம் கொடுத்த அம்மாள், நீ சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி ஆகிவிட்டாள். 'என் மகள்' என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் ஒருவர், "அந்தக் கல்லை இப்படி வச்சது யாரும்மா?" என்றார். "பழைய வேலைங்க" என்று மழுப்பினாய். என் மகள் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. எனக்காகக்கூட அது வேண்டாம்.

அறிக்கையில் என் பெயரை முழுசாக எழுது. கல்லை வைத்தவன் இவன்தான் என்று எழுது. கீழே கையெழுத்துப் போடும்போது மட்டும் உன் இனிஷியலைக் கொஞ்சம் அழுத்திப் போடு. அதுவும் நான்தானே.

அப்பா