ஆரியசாலையில் நிழல் போன நேரம்

1954 ஏப்ரல் 9, வெள்ளி

புழுக்கம். காலையில் கறுத்து வந்து ஏமாற்றிவிட்டது. ஆரியசாலைக் கடையில் வற்றல் மிளகாய் இறக்கம். கணக்கு எழுதியதைவிடத் தும்மியது அதிகம்.

மதராஸிலிருந்து வார இதழ் வந்தது. என் விஞ்ஞானப் பத்தி இம்முறை நம் ஊரைப் பற்றி. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் திருவனந்தபுரத்தில் சூரியன் நேர் உச்சியில். நட்ட கம்புக்கு நிழல் இராது. பார்த்தவர்கள் எழுதவும்.

கடிதங்கள் வராவிட்டால் அந்தப் பக்கம் தொடர்கதைக்கு என்று ஆசிரியர் போன மாதமே சொல்லிவிட்டார்.

வி.யிடம் காட்டினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் பத்தியில் ஒரு வரி படித்ததில்லை. "பொறவு பாக்கேன்" என்றாள். அதில் வெண்டைக்காய் மடித்து வைத்திருக்கிறாள்.

11, ஞாயிறு

வேண்டியவை: துணிக்கம்பு, கொத்தனாரின் தூக்குக்குண்டு, வெள்ளைச் சாக்கு, மேகமில்லாத வானம்.

ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருப்பது நாளை எங்கள் மிளகாய்க் கடைக்கு நேர் மேலே. எழுதும்போது உறைக்கவில்லை. இப்போது உறைக்கிறது.

12, திங்கள்

நல்ல வெயில். கடை வாசலில் கம்பு நட்டேன். முதலாளி, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள், இதழோடு வந்த கல்லூரிப் பையன்கள்.

பன்னிரண்டு அடித்தது. சாக்கின்மேல் நிழல் ஒரு சாண். அசையாமல் கிடந்தது.

"என்னவே, நிழலுக்கு லீவு குடுக்க மறந்துட்டீரா?" முதலாளி.

"போகட்டே சாரே, ஊணு கழிச்சிட்டு வராம்" என்றான் ஒரு பையன். எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். காது சுட்டது.

வி. தூக்குச் சட்டியோடு வந்தாள். "சோறு ஆறுது. இன்னும் என்னத்த நோக்குதிய?"

அப்போதுதான் கண்ணில் பட்டது. நிழல் பாதியாகியிருந்தது. மடையன் நான். கடிகாரத்தின் பன்னிரண்டு இந்தியா முழுமைக்கும் ஒன்று. நாமோ மேற்கே ஓரத்தில் இருக்கிறோம். நம் உச்சிக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் தாமதம். பள்ளிக்கூடத்திலேயே படித்தது.

நிழல் விரல் விரலாகச் சுருங்கியது. பிறகு இல்லை. கம்பு மட்டும். யாரோ வரைந்து வைத்தது போல.

வி. தன்னைச் சுற்றிப் பார்த்தாள். "எனக்க நெழலு எங்க போச்சு?"

"காலடியில."

ஒரு காலை மெல்லத் தூக்கினாள். அடியில் கறுப்பாக இருந்தது. திரும்ப வைத்தாள். எத்தனை பத்தி எழுதியிருக்கிறேன், இப்படி ஒன்றை என் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

கூப்பிட்டுக் காட்ட ஆளில்லை. அதற்குள் கிழக்கே நிழல் முளைத்துவிட்டது.

14, புதன்

விஷு. கொன்றைப்பூ, சக்கைப் பிரதமன் என்று பலாப்பழப் பாயசம். தெருவில் எல்லோரும் என் நிழலை நலம் விசாரிக்கிறார்கள். திருத்தம் எழுதித் தபாலில் போட்டேன். நேரம் என் பிழை. நிழல் போனது நிஜம்.

17, சனி

ஆசிரியரின் கார்டு. கண்டனக் கடிதங்கள் மட்டும் வந்தனவாம். திருத்தம் வரும் இதழில், அதோடு பத்தி முடிகிறது. எதிர்பார்த்ததுதான். இருந்தாலும் வலிக்கிறது.

மத்தியானம் கார்டைக் காட்ட வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். துணிக்கம்பின் அடியில் கோலமாவால் சின்னச் சின்னக் கோடுகள். வி. தினமும் உச்சிக்கு ஒன்று போட்டிருக்கிறாள். கடைசிக் கோடு தெற்கே நாலு விரல் தள்ளி.

"முன்ன மத்தியானம் வடக்கால விழுந்துட்டு கெடந்தது, இப்பம் தெக்கால போவுது. எதுவரைக்கும் போவும்?"

கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆனி வரைக்கும் தெற்கே போகும், பிறகு திரும்பும் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் குழம்பு கரிந்துவிட்டது.