கீழே பாதிக் காகிதம் காலி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் நலம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்திக்கொண்டிருக்கிறது. நீ நலமென்றும், குளிருக்குக் கனமான காலுறை வாங்கிவிட்டாயென்றும், அறைத்தோழி உன் பாத்திரத்தைத் தீய்த்துவிட்டாளென்றும் அம்மா மூலம் அறிந்தேன். என்னிடம் போனில் 'சாப்டீங்களாப்பா, சரி, அம்மாகிட்ட குடுங்க' என்பதற்கு மேல் உனக்குப் பேச்சு வருவதில்லை, அதையும் மனதில் குறித்து வைத்திருக்கிறேன். போனை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று கேட்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழும். இது அவளுக்குத் தெரியாமல் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

குடியிருப்போர் சங்கத்தில் ஒன்பது வருடம் செயலாளராக இருந்த என்னை மூன்று ஓட்டில் கவிழ்த்துவிட்டு இரண்டாவது மாடி இன்சூரன்ஸ்காரரை உட்காரவைத்தது உனக்குத் தெரியும். எதைச் சொன்னாலும் 'ஆகட்டும், பாக்கலாம்' என்பார், அதனால் அவருக்கு ஆகட்டும் என்றே பெயர் வைத்திருக்கிறேன். ரப்பர் ஸ்டாம்பையும் ஃபைலையும் வாங்கிக்கொண்டவர், மாடிப்படி அடியிலிருக்கும் அறிவிப்புப் பலகையை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார். 'உங்க கையெழுத்து யாருக்கு சார் வரும்' என்று ஒரு புகழ்ச்சி வேறு. பிழையில்லாமல் நான்கு வரி எழுத அவருக்கு வராது, அதுதான் விஷயம். நானும் கடமை தவறாமல் எழுதி ஒட்டிக்கொண்டிருந்தேன். நாலு மாதம் முன்பு, 'மாடிப்படிக் கைப்பிடியில் ஈரத்துணி உலர்த்துவதை அனைவரும் தவிர்க்க வேண்டும்' என்று ஒட்டினேன். மறுநாள் அலுவலகம் போகும்போது பலகை முன்னால் ஏழெட்டுப் பேர். ஒன்பது வருடத்தில் என் அறிவிப்பின் முன்னால் ஒருவர் செருப்பு மாட்ட நின்றதுண்டு, படிக்க நின்றதில்லை. பெருமையோடு கிட்டே போனால், என் எழுத்துக்குக் கீழே நீலப் பென்சிலில் ஒரு படம். கைப்பிடியில் தொங்கும் உள்பாவாடையிலிருந்து சொட்டும் தண்ணீர், கையில் காகிதத்தோடு படியிறங்கும் ஒரு வழுக்கைத்தலையில் விழுகிறது. வழுக்கை யாருடையது என்று விளக்க வேண்டியதில்லை, பின்மண்டையில் தப்பிப் பிழைத்த அந்த நாலு முடிகூட எண்ணிக்கை குறையாமல் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில், அன்று சாயங்காலமே கைப்பிடியிலிருந்த துணியெல்லாம் காணாமல் போனதை நான் கவனிக்கவில்லை. அடுத்து, மேல்தளங்களிலிருந்து குப்பைப் பொட்டலம் வீசுவதைக் கண்டித்து எழுதினேன். அதன் கீழே சிறகு முளைத்த ஒரு பாலித்தீன் பை கண்ணை உருட்டிக்கொண்டு பறக்கிறது, கீழே வழுக்கை குடை பிடித்து நிற்கிறது. நாலாவது மாடி அம்மாள் அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, 'ஐயோ, இது எங்க வீட்டுப் பை மாதிரியே இருக்கே' என்று தன் வாயாலேயே தீர்ப்பு எழுதிக்கொண்டார். நான் எட்டுக் கடிதம் எழுதியும் ஒப்புக்கொள்ளாத குற்றம். அதன் பிறகு பை பறக்கவில்லை. ஆனால் கட்டடமே என்னை வழியில் மறித்து 'சார், அடுத்த நோட்டீஸ் எப்போ' என்று கேட்க ஆரம்பித்தது. அவர்கள் கேட்டது என் எழுத்தை அல்ல என்று புரியாத அளவுக்கு நான் மக்கு இல்லை.

நீலப் பென்சில் என்றதும் எனக்குக் கீழ்த்தளத்துத் தையல்காரர் நினைவுதான் வந்தது, துணியில் குறி போட அவர் வைத்திருப்பது அதுதான். நேரே கடைக்குப் போய், நாலு பேர் அளவு கொடுக்க நின்றுகொண்டிருக்கும்போதே, இது உன் வேலைதானே என்று கேட்டுவிட்டேன். 'துணியில கோடு போடவே எனக்கு நேரமில்ல, உங்க பேப்பர்ல வேறயா சார்' என்றார், குரல் உயராமல். அப்போது அவரிடம் என் பேன்ட் இரண்டு இருந்தன. கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரத்தில் முடித்துக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில் என்னைத் தாண்டிப் பதவி உயர்வு வாங்கிய அந்த ஆள், வெள்ளம் எங்கே சார் என்று கேட்டான். அவன் கணக்கிலும் ஒன்று ஏற்றிக்கொண்டேன். பிறகு அரை நாள் விடுப்பு போட்டு, மத்தியானம் கட்டடம் உறங்கும் நேரத்தில் படிக்கட்டில் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்தேன். உன் அம்மா பிளாஸ்கில் டீ கொண்டுவந்து கொடுத்து, 'பிடிச்சீங்கன்னா விடாதீங்க' என்று தைரியம் சொல்லிவிட்டு அங்கேயே நின்றாள். டம்ளரைக் கழுவ நான் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய் வந்தது மூன்று நிமிடம். திரும்பி வந்தால் பலகையில் படம் இருக்கிறது, டீயும் இருக்கிறது, உன் அம்மா மேலே ஏறிக்கொண்டிருக்கிறாள். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை, எம்.ஏ. படித்தவன்.

அன்றைய படத்தில் வழுக்கை ஆசாமி நாற்காலியில் தூங்கி வழிகிறார். மூக்கில் கண்ணாடி, அதன் ஒரு கால் நூல் சுற்றிக் கட்டியிருக்கிறது. அந்த நூல் சுற்றிய கண்ணாடியை நான் வாசலுக்குக்கூடப் போட்டுக்கொண்டு போவதில்லை. நம் வீட்டுக்குள், படுக்கப் போகும்முன் செய்தித்தாள் பார்க்க மட்டும்தான். அதைப் பார்த்தவர் உலகத்தில் இரண்டே பேர், அதில் நீ விமானம் ஏறிவிட்டாய்.

அம்மா காய் வாங்கப் போனபோது அவளுடைய தையல் டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடுத்தவர் டப்பாவைத் திறப்பது தவறுதான், தெரிந்தேதான் திறந்தேன். நீலப் பென்சில் இருந்தது. அடியில் நாலாக மடித்த ஒரு பழைய மின்கட்டண ரசீது. பின்பக்கத்தில் எங்கள் முதல் வாடகை வீட்டு உரிமையாளர், சாவிக்கொத்தே உடம்பாக, தலை மட்டும் மனிதத் தலையாக. கல்யாணமாகி ஆறு மாதத்தில் அவள் வரைந்து ஆசையாகக் கொண்டுவந்து காட்டியது. நான் அன்று என்ன சொன்னேன் என்பது ரசீதைப் பார்த்ததும்தான் நினைவுக்கு வந்தது. 'கரண்ட் பில் என்ன கிறுக்கறதுக்கா, உருப்படியா ஏதாவது வேலை இருந்தா பாரு' என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. இருபத்தாறு வருடம். உன் மாமா என் தங்கை கல்யாணத்தில் எந்தப் பந்தியில் என்ன சொன்னான் என்பது வரை நினைவில் வைத்திருக்கும் எனக்கு இது நினைவில்லை. வன்மம் வைப்பதில் நான்தான் இந்த வீட்டில் பெரிய ஆள் என்று எண்ணியிருந்தேன். உன் அம்மா கால்தூசிக்கு ஆக மாட்டேன். ஒன்று கேட்கிறேன், உன் எட்டாம் வகுப்பு அறிவியல் நோட்டில் ஒரு தவளை இருந்ததே, என் மகள் வரைந்தது என்று நான் அலுவலகம் முழுக்கக் காட்டினேனே, அதை வரைந்தது யார்? நேர்மையாகப் பதில் எழுது.

தையல்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். 'எனக்கு அப்பவே தெரியும் சார், பென்சில் அக்கா என்கிட்டதான் வாங்குவாங்க. நீ வரைஞ்சியான்னு கேட்டீங்க, யாருக்குக் குடுத்தேன்னு கேக்கலியே' என்றார். பேன்ட்டை இறக்கித் தைக்க உள்ளே துணி விட்டு வைத்திருக்கிறாராம். நல்ல மனிதர், பேன்ட் விஷயத்தை மறக்க முயல்கிறேன்.

இனிதான் என் கஷ்டம். தையல்காரரைப் பிடித்த அதே வாரம் ஆகட்டும் அவர்களுக்கு மூன்று பக்கத்தில் ஒரு மனு கொடுத்திருந்தேன், கிறுக்கல் பேர்வழிகளிடமிருந்து காக்கப் பலகைக்குக் கண்ணாடிக் கதவும் பூட்டும் போட வேண்டும் என்று. என் ஆயுளில் நான் கொடுத்த மனு எதுவும் நிறைவேறியதில்லை, அந்தத் தைரியத்தில்தான் கொடுத்தேன். பாவி மனிதர் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு காரியத்தைச் சொன்னபடி செய்து தொலைத்தார். நான் ரசீதைப் பார்த்த மறுநாள் காலை தச்சர் வந்துவிட்டார். அதன் பிறகு என் அறிவிப்பு கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்தது, யாரும் நிற்கவில்லை. ஒரே வாரத்தில் உள்பாவாடை கைப்பிடிக்குத் திரும்பியது, பை பறந்தது. உன் அம்மா மத்தியானங்களில் சும்மா உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தாள். எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அடுத்த இருபத்தாறு வருடத்துக்குப் பென்சிலை மூடி வைத்துவிடுவாளோ என்று பயம். பூட்டின் ஒரு சாவி என்னிடம் இருந்தது, அதை மறந்தவன் போல அடுப்படி ஆணியில் மாட்டி வைத்தேன். 'சாவியைக் கண்ட இடத்துல வெக்காதீங்க, காணாமப் போனா அதுக்கும் என்னைத்தான் சொல்வீங்க' என்று என் சட்டைப் பையிலேயே கொண்டுவந்து போட்டாள்.

வேறு வழியில்லாமல் போன ஞாயிறு சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, பலகையின் கண்ணாடிக் கதவை எடுக்க வேண்டும் என்றேன். ஆகட்டும் ஃபைலைப் புரட்டி, 'போடணும்னு கேட்டது நீங்கதானே சார்' என்று என் மூன்று பக்கத்தையும் அத்தனை பேர் முன்னால் நிறுத்தி நிதானமாகப் படித்தார். 'கலை என்ற பெயரில் நடக்கும் காலித்தனம்' என்று நான் எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தார். நான் சொன்னேன், ஒன்பது வருடம் நான் எழுதியதை யாரும் படிக்கவில்லை, படம் வந்த பிறகுதான் இந்தப் படிக்கட்டில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள், நான் எழுதிய மனு தப்பு. என் வாயிலிருந்து இந்தக் கடைசிச் சொல் வந்ததும் தையல்காரருக்குப் புரை ஏறிவிட்டது. கடைசி வரிசையில் உன் அம்மா தலைக்கு மேலே ஓடாத மின்விசிறியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலாவது மாடி அம்மாள்தான் முதலில் கை தூக்கினார். ஆகட்டும் தவிர எல்லோரும் தூக்கினார்கள், அவர் பார்க்கலாம் என்றார்.

செவ்வாய்க்கிழமை கதவு போயிற்று. புதன் காலை, தண்ணீர்த் தொட்டி கழுவும் தேதியை இரண்டே வரியில் எழுதி, கீழே பாதிக் காகிதத்தைக் காலியாக விட்டு ஒட்டிவிட்டு அலுவலகம் போனேன். சாயங்காலம் பலகையை நெருங்கவே முடியவில்லை, கூட்டம். தண்ணீர்த் தொட்டிக்குள் வழுக்கை இடுப்பளவு நின்று தேய்த்துக்கொண்டிருக்கிறது. மூக்கில் அதே நூல் சுற்றிய கண்ணாடி. கண்ணாடிக்குள்ளே இரண்டு கண்ணும் இறுக மூடியிருந்தன. அன்று டீயில் சர்க்கரை ஒரு கரண்டி கூடுதலாக இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

நீ வேளைக்குச் சாப்பிடு, பாத்திரம் தீய்த்தவளிடம் அதிகம் வைத்துக்கொள்ளாதே, ஆனால் என்னைப் போல முப்பது வருடம் நினைவிலும் வைத்திருக்காதே. அங்கே நல்ல வரைபென்சில் பெட்டி கிடைத்தால், சும்மா வாங்கினேன் என்று சொல்லி அம்மா பெயருக்கு அனுப்பு. நீலம் கட்டாயம் இருக்க வேண்டும். உன் மேல் எனக்கிருக்கும் வருத்தங்களை எல்லாம் கழித்துப் பார்த்தாலும் ஆசீர்வாதம்தான் மிஞ்சுகிறது, எல்லா நலமும் பெற்று இரு.

இந்தக் கடிதத்தை உறையில் போடாமல் சாப்பாட்டு மேஜை மேல் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போகிறேன். இன்று முழங்காலுக்கு வெந்நீர் ஊற்ற வேண்டும், ஒரு மணி நேரம் ஆகும். இதன் கீழே பாதிக் காகிதம் காலி. உனக்கு வந்து சேரும்போது அங்கே ஏதாவது இருந்தால், நான் பார்க்கவில்லை.

இப்படிக்கு,
கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடும்
உன் அப்பா