பிடி வேறு, குவளை வேறு

கடித எண்: 3 / 2019
படேவியா, நியூயார்க் மாநிலம்
10 அக்டோபர் 2019, வியாழக்கிழமை, காலை 8.40

பொருள்: அப்பாவின் வெடிமருந்து அளக்கும் குவளையின் வயது, அதைவிட அவசரமான இன்னொன்று.

அன்புள்ள தம்பி ஆரினுக்கு,

நான் நலம். நீ நலமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இவ்வாண்டு எழுதிய முதல் இரு கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. இதையாவது கடைசி வரி வரை படி.

நீ அனுப்பிய பொட்டலம் செவ்வாயன்று கிடைத்தது. நூறாண்டைக் கடந்த பித்தளைப் பொருளை, துவைக்காத ஒற்றைக் காலுறைக்குள் திணித்து அனுப்புகிறவன் நம் குடும்பத்தில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய். அதுவும் போதாதென்று, பாத்திரம் துலக்கும் பசையால் தேய்த்துப் பளபளக்க வைத்திருக்கிறாய். எழுத்துகளில் பாதி போய்விட்டன. காலத்தைக் கணிக்க எனக்கு வேண்டியிருந்தவை அந்த எழுத்துகளே. மிச்சமிருந்ததை உருப்பெருக்கியால் படித்ததில், கண் அறுவை செய்த மருத்துவரிடம் ஏச்சு வாங்க வேண்டியதாயிற்று. காரோட்டவும் இம்மாதம் முழுக்கத் தடை. இல்லையேல் இக்கடிதத்துக்குப் பதிலாக நானே உன் வாசலில் நின்றிருப்பேன்.

குவளை 1908இல் செய்யப்பட்டது என்று நீ சாதிக்கிறாய். பிடியில் அப்படிப் பொறித்திருப்பது உண்மை. ஆனால் அது காப்புரிமை வழங்கப்பட்ட ஆண்டு. பொருள் செய்யப்பட்ட ஆண்டு அன்று. அதே முத்திரையைக் கம்பெனிக்காரர்கள் பல ஆண்டுகள் குத்திக்கொண்டே இருப்பார்கள். இதை உனக்கு எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

அது போகட்டும். அந்த முத்திரை இருப்பது பிடியில் மட்டுமே. குவளையின் பக்கவாட்டில் பற்றவைத்த தையல் ஓடுகிறது. 1908ஆம் ஆண்டு வகையிலோ தையலே கிடையாது. குவளையில் டிராம் என்னும் பழைய எடைக் கணக்கின் அளவுக்கோடுகள் ஒரே வரிசைதான். பின்னால் வந்தவற்றில் இரண்டு வரிசை. எனவே குவளை 1890க்கும் 1900க்கும் இடைப்பட்டது. புகை கக்கும் பழைய கரிமருந்துக்காக மட்டுமே செய்யப்பட்டது. பிடி வேறு, குவளை வேறு. பழைய மரப்பிடி 1953 நவம்பரில் கணப்படுப்பில் விழுந்து கருகியது. சந்தையில் வாங்கிய வேறோர் அளவையின் பிடியை அப்பா இதில் பொருத்தினார். விளக்குப் பிடித்தவன் நான். நீ அப்போது பிறக்கவில்லை. ஆகவே இதில் உன்னைக் குறை சொல்லவில்லை.

குறை இனிமேல்தான் வருகிறது.

நேற்றுக் காலை குவளையைக் கவிழ்த்து ஒரு வெள்ளைத் தாளின்மேல் தட்டினேன். கரிமருந்துத் துகள் நொறுக்கிய நிலக்கரி போல ஒழுங்கற்றிருக்கும். உதிர்ந்தவை அப்படி இல்லை. சாம்பல் நிறத்தில், தட்டையாக, வட்ட வட்டமாக இருந்தன. இன்று கடையில் விற்கும் புகையில்லா மருந்து. பிடியில் 'புகையில்லா மருந்துக்கும் உகந்தது' என்று இருப்பதை நம்பி, இந்தக் குவளையில் அளந்து தோட்டா நிரப்பியிருக்கிறாய்.

ஆரின், அந்தக் காலத்துப் புகையில்லா மருந்து லேசானது. கரிமருந்து எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவே பிடிக்கும்படி செய்தார்கள். இப்போதைய மருந்து அடர்த்தியானது. அதே கோடு வரை நிரப்பினால் பன்மடங்கு மிகை. அதை வைத்துச் சுடப்போவதோ இரும்புப் பட்டைகளை முறுக்கிச் செய்த அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியில். குழல் வெடிக்குமிடம் உன் இடது கை தாங்கும் இடம். அதற்கு அரை முழம் பின்னால் உன் முகம்.

உடனே தொலைபேசியில் அழைத்தேன். நான் வாய் திறப்பதற்குள் நீ, "அண்ணே, வருஷத்த மட்டும் சொல்லு. பிரசங்கத்த ஞாயித்துக்கிழமை கோயில்ல கேட்டுக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். மறுபடி அழைத்தேன், எடுக்கவில்லை. பிறகு மார்வாவின் கைப்பேசிக்குப் பேசினேன். உன் மனைவிக்கு இருக்கும் நிதானத்தில் கால்வாசி உனக்கு இருந்திருக்கலாம். தோட்டாப் பெட்டியை எடுத்துப்போய்த் தன் தங்கை வீட்டில் பூட்டிவைத்தாள். 'என் பெண்டாட்டியை எனக்கெதிராகக் கிளப்பிவிட்டான்' என்று நீ ஊரெல்லாம் சொல்கிறாயாம். தாராளமாகச் சொல்.

ஆனால் இரவு அவளே அழைத்தாள். "அத்தான், பெட்டியில ரெண்டு குழி காலியா இருக்கு. கேட்டா சிரிக்கறாரு, சொல்ல மாட்டேங்கறாரு" என்றாள்.

நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். சனிக்கிழமை உங்கள் துப்பாக்கிக் கழகத்துக்கு நூறு வயது நிறைகிறது. வானில் வீசும் களிமண் தட்டுகளில் முதல் இரண்டைச் சுடும் மரியாதை உனக்கு. அப்பாவின் துப்பாக்கி, அப்பாவின் குவளை, எல்லோரும் பார்த்திருக்க. அந்த இரண்டையும் தனியே எடுத்துவைத்திருக்கிறாய். உன் வேட்டைச் சட்டையின் இடது பையில் பார். வலது பை கிழிந்தது; நீ தைக்கவே இல்லை.

அவற்றை மார்வாவிடம் கொடுத்துவிடு. விழா மரியாதையை விடச் சொல்லவில்லை. கழகத்தில் யாரிடமாவது ஒரு புதிய துப்பாக்கியும் கடைத் தோட்டாவும் கேட்டு வாங்கிச் சுடு. அப்பாவுடையதுதான் வேண்டும் என்றால் அதைத் தோளில் சார்த்திப் படம் எடுத்துக்கொள். நானே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறேன். என்னைக் கிழட்டு வாத்தியார் என்று மேடையேறிக் கேலி செய். கேட்டுக்கொள்கிறேன். உனக்கு முன்னால் பிறந்தவன் நான். வரிசை மாற வேண்டாம்.

கூரியர்க்காரர் நாளை காலை பத்துக்குள் சேர்ப்பதாக வாக்களித்திருக்கிறார்.

கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நீயும் சற்று ஒத்துழை.

உன் அண்ணன்,
லீலண்ட் ட்ரூவாக்ஸ்

இணைப்புகள்:
1. குவளைத் தையல், அளவுக்கோடு: என் கைப்பட வரைந்த படம், ஒன்று.
2. குவளையிலிருந்து உதிர்ந்த சாம்பல் நிறத் துகள்கள், சிறு உறையில்.
3. பிடி, குவளையிலிருந்து கழற்றியது.
4. காலுறை, ஒற்றை. துவைத்தது.
5. குவளை: இணைக்கப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு மார்வாவோடு வந்து, இரு கைகளையும் நீட்டி வாங்கிக்கொள்.