கோயில் ஸ்பீக்கரில் உன் அப்பா

அன்பு மகள் இளமதிக்கு அம்மா எழுதுவது. நானும் இரண்டு மாடுகளும் நன்றாக இருக்கிறோம், உன் அப்பாவும் உடம்புக்கு சௌக்கியம்தான், மானம்தான் சந்தி சிரித்துவிட்டது. நீ அங்கே குளிரில் எப்படி இருக்கிறாயோ. போனில் சொன்னால் அவர் காதில் விழும் என்றுதான் இதை எழுதி மோர்மிளகாய்ப் பொட்டலத்தோடு அனுப்புகிறேன்.

பக்கத்தில் ஏனாத்தூரிலேயே வேலை கிடைத்தும் நார்வேக்குக் கிளம்பினாய் என்று வழியனுப்பக்கூட வராமல் முறுக்கிக்கொண்ட மனுஷன் இன்றுவரை உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் விடியலில் போய்ப் பாட்டுப் போட அப்பாவுக்கு முழங்கால் வலிக்குமே என்று நீ கோயிலில் மாட்டிவிட்டுப் போன உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்கிறார். வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நீ சொல்லிக்கொடுத்தபடி அந்தக் கோயில் பெட்டிக்குள் நுழைந்து பாட்டுகளை எடுத்து வைப்பார், விடிந்ததும் அது தானாக ஸ்பீக்கரில் பாடும். போன வாரம் நான் மாடு கறக்கப் போன நேரம் பார்த்து உனக்காகப் பேசிப் பதிந்திருக்கிறார், அனுப்பத்தான் ரோஷம் இடம் கொடுக்கவில்லை, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கட்டும் என்று போட்டு வைத்தார். திரையில் திறந்திருந்ததோ கோயில் பெட்டியின் உள்பக்கம், இரண்டும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கிறது. அது நேராகக் காலைப் பாட்டுகளோடு போய் உட்கார்ந்துவிட்டது.

மறுநாள் அம்மன் பாட்டு முடிந்ததும் ஊர் முழுக்க இவர் குரல். "இளமதி, அப்பா பேசறேம்மா. அங்க குளிராமே, காதை மூடிக்கினு போ. வழியனுப்ப வராதது தப்புதான், கோச்சிக்காத. நீ இல்லாம வூடு வூடாவே இல்ல, பொங்கலுக்கு வந்துடு" என்றார். இதோடு நிறுத்தியிருந்தால் நானும் அழுதிருப்பேன். "உங்கம்மா சாம்பாரை வாயில வைக்க முடியல, நீ இருந்தா ரெண்டு பேரும் சிரிச்சிக்கினே துன்னுடுவோம், இப்ப நான் ஒருத்தனே துன்றேன்" என்றும் சேர்த்தாரே! பதறி ஓடிவந்து அணைத்தார், அணைந்தது நம் வீட்டுக் கம்ப்யூட்டர். கோயில் பெட்டி தன் போக்கில் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. பூசாரி இருசப்பன் மாகறலிலிருந்து சாவியோடு வந்து ப்ளக்கைப் பிடுங்குகிறவரை அம்மன் பாட்டும் என் சாம்பாரும் மாறி மாறி ஒலித்தன. பால் ஊற்றப் போனால் செவ்வந்தி, "இன்னாக்கா, புளி தூக்கலா, உப்பு கம்மியா?" என்கிறாள். அன்று முதல் அவருக்கு வெறும் ரசம்தான்.

அந்தப் பேச்சைக் காலைப் பாட்டிலிருந்து எடுத்தவர் அழிக்கவில்லை, பெட்டிக்குள்ளேயே தனியாக வைத்திருக்கிறார். உனக்கு அனுப்பச் சொன்னால், "ஊருக்கே கேட்டுச்சு, இன்னும் இன்னா" என்று எழுந்து போய்விடுகிறார். ஊரே கேட்டது, கேட்க வேண்டிய நீதான் கேட்கவில்லை. அங்கிருந்தே அந்தப் பெட்டிக்குள் நுழைய முடியும் என்று சொன்னாயே, போய்க் கேளம்மா. சாம்பார் வருகிற இடத்தை மட்டும் அழித்துவிடு. நேரத்துக்குச் சாப்பிடு, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாயிருக்க வேண்டும். மறந்துவிடாதே, தினமும் சாயங்காலம் உன் அப்பா கம்ப்யூட்டரைத் திறந்து, அந்தப் பேச்சை யாராவது கேட்டார்களா என்று பெட்டிக்குள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்.

இப்படிக்கு,
ரசம் மட்டும் வைக்கும் உன் அம்மா,
சுலோச்சனா