வந்தவாசியில் நாங்கள் தோற்றது

7-1-63, திங்கள்

மழை விட்டு இரண்டு நாள். ஷாதிபூர் பாதையில் இன்னும் சேறு. செருப்பு வார் அறுந்தது. வாங்க வேண்டியவை: சாக்பீஸ், மண்ணெண்ணெய், செலினுக்கு இருமல் மருந்து.

இந்தத் தீவுக்கு வந்த கப்பலில் அண்ணன் கடிதம். புதுச்சேரியில் பிறந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை கேட்டு எழுதிக்கொடுக்க அடுத்த மாதம் கெடு. அண்ணன் கையெழுத்துப் போட்டாயிற்று. மார்ச்சில் குடும்பத்தோடு பிரான்ஸ். எனக்கும் ஒரு பத்திரம் உள்ளே. "தம்பி, நீயும் போட்டு அனுப்பு. நமக்கு யாரு இருக்கா, நாம ரெண்டு பேருதானே."

கப்பல் வெள்ளிக்கிழமை மெயின்லேண்ட் திரும்புகிறது. அதற்குள் முடிவு.

செலினும் படித்தாள். கடலூர்க்காரி, அந்தக் காலத்தில் அது இங்கிலீஷ்காரன் ஊர். கல்யாணமான நாள் முதல் வீட்டில் இங்கிலீஷ்-பிரெஞ்சு சண்டைதான். "உங்க ஆளுங்க எங்க கோட்டைய இடிச்சாங்க" என்பாள். உங்கள் ஆட்கள் எங்கள் ஊரையே தரைமட்டமாக்கினார்கள் என்பேன். இன்று வம்புக்கு வரவில்லை. "உங்க இஷ்டங்க." அதுதான் எனக்குப் பயம்.

8-1-63

ஏழாம் வகுப்பில் கர்நாடகப் போர்கள், இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் மோதியவை. பாடம் நடத்துகிறேன், மனசு புதுச்சேரிக் கடற்கரையில். ஜூலை பதினாலு, பிரெஞ்சு தேசிய விழா வாணவேடிக்கை, அண்ணன் தோளில் நான். விளையாட்டில் எப்போதும் அவர் பிரெஞ்சுத் தளபதி. நான் இங்கிலீஷ்காரன், அடி வாங்க. ஒரு நாள்கூட ஜெயிக்க விட்டதில்லை மனுஷன். அந்த அடிக்கும் இப்போது ஏங்குகிறேன்.

10-1-63

வந்தவாசிச் சண்டை, பிரெஞ்சுப் படை தோற்றது. இந்தியில் சொல்லிக்கொண்டே போனவன், "ஹம் லோக் ஹார் கயே" என்றுவிட்டேன். நாங்கள் தோற்றுவிட்டோம்! வகுப்பே சிரித்தது. பதினைந்து வருஷ வாத்தியார்.

மூன்றாம் பெஞ்சு வங்காளப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "சார், இஸ் லடாயி மே ஹமாரா வாலா கோன் தா?" இந்தச் சண்டையில் நம்ம ஆள் யார் என்கிறாள்.

இரண்டு பக்கமும் துப்பாக்கி தூக்கிச் செத்த சிப்பாய்கள், என்றேன். பிறகு பாடம் ஓடவில்லை.

11-1-63, வெள்ளி

தபாலாபீஸ். "ஜல்தி மாஸ்டர்ஜி, சீக்கிரம், கப்பலுக்குத் தபால் பை கட்டணும்," என்றார் குமாஸ்தா. ஒட்டிய உறையைக் கொடுத்தேன்.

செலின்: "போட்டீங்களா?"

"லெட்டர் மட்டும். பத்திரத்துல கையெழுத்துப் போடல."

"அப்ப பிரெஞ்சு தோத்துடுச்சா," என்று சிரிக்கப் பார்த்தாள். அழுதாள். நானும்தான்.

இருமல் மருந்து மறந்துபோச்சு.

22-4-63

காலையிலேயே புழுக்கம். பரீட்சைத் தாள் கட்டு அப்படியே கிடக்கிறது.

அண்ணன் கடிதம், புறப்படும் முன் எழுதியது. திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பயணத்துக்கு ஏதோ படிவமாம். 'வெளிநாட்டில் உள்ள உறவினர்' என்ற இடத்தில் என் பெயரை எழுதினாராம். எழுதியதும் அடித்துவிடப் பார்த்தாராம். அங்கே இருந்த அதிகாரி விடவில்லையாம், தம்பி இனி வெளிநாட்டுக்காரர், அதுதான் சரி என்று.