வெடித்தது ஒரு பாட்டில், இன்னொன்று அலமாரியில் இருப்பது குறித்து

அனுப்புநர்:
முடி அலங்காரப் பணியாளர் (பதினோரு வருடம்),
கடைவீதி முனை அழகு நிலையம்.

பெறுநர்:
தொழிலாளர் பாதுகாப்பு ஆய்வாளர் அவர்கள்,
தொழிலாளர் அலுவலகம், இரண்டாம் மாடி.

பொருள்: மேற்படி அழகு நிலையத்தில் நேற்று பிளீச் பாட்டில் வெடித்து ஒரு பெண்ணின் கண் போனது தொடர்பாகவும், அதே கலவை அடைத்த இரண்டாவது பாட்டிலை நாளை காலை எட்டு மணிக்கு முன் அப்புறப்படுத்தக் கோரியும்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

மனுவில் கோபம் தெரியக் கூடாது என்று தங்கள் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர் சொன்னார். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நானே எழுதுகிறேன்.

1. முடியின் கருப்பு நிறத்தை எடுக்க பிளீச் பவுடரையும் டெவலப்பர் என்ற திரவத்தையும் கலப்போம். கலக்கியது மிஞ்சினால் கொட்டிவிட வேண்டும். எங்கள் கடையில் கொட்டக் கூடாது என்பது முதலாளியின் சட்டம். மிச்சத்தைப் பாட்டிலில் ஊற்றி வைத்து அடுத்தவர் தலையில் தடவுவோம். இத்தனை நாளும் அது மூக்கில் ஓட்டை வைத்த பாட்டில். சில சமயம் அலமாரியிலிருந்து புஸ்ஸென்று சத்தம் வரும், நாங்கள் சிரிப்போம். போன வாரம் ஒரு வாடிக்கையாளர் நாற்றம் தாங்கவில்லை என்று சொல்ல, முதலாளி அந்தப் பாட்டில்களைத் தூக்கி எறிந்துவிட்டு, ஓட்டையில்லாத பழைய ஷாம்பு பாட்டில்களைக் கொடுத்தார். "நல்லா இறுக்கி மூடுங்க, வாடையே வரக் கூடாது" என்றார். பவுடர் டப்பாவில் எச்சரிக்கை அச்சடித்திருக்கிறார்கள். அதன் மேல்தான் கடை ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

2. ஜன்னலைத் திறந்தால் ஏ.சி. குளிர் போய்விடும் என்று ஆணி அடித்துவிட்டார். புகைபோக்கும் ஃபேனை மறைத்துப் பெரிய கண்ணாடி மாட்டினார். முடி நேராக்கும் க்ரீமைச் சூடு காட்டும்போது எங்கள் கண்ணும் மூக்கும் ஊற்றும். நாங்கள் இருமினால் அவர் சென்ட் அடிப்பார். அதனால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட்டு. என் விரல்கள் பத்தும் வெடித்துக் கிடக்கின்றன, சோற்றைப் பிசைந்தால் உயிர் போகிறது. போன வருடம் தங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். அந்தக் கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு போய்விட்டார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

3. நேற்றுக் காலை மிஞ்சிய கலவையை இரண்டு பாட்டிலில் ஊற்றினேன். கை வழுக்கியதால் துண்டைச் சுற்றிப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மூடிகளை முறுக்கினேன். ஆம், மூடியது நான். இதை முதலாளி போலீசில் கொடுத்த புகாரில் எழுதவில்லை, அவருக்குத் தெரியாது. அவர் என் நாத்தனாரின் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறார். அவள் மீது பழி விழக் கூடாது என்பதற்காக நானே இங்கே எழுதித் தருகிறேன்.

4. நாத்தனார் என்பது என் கணவரின் தங்கை. வயது இருபத்து மூன்று. வாலு என்றுதான் கூப்பிடுவோம், அவ்வளவு சேட்டை. வேலைக்கு இவளை அழைத்து வந்ததும் நான்தான். மதியம் இரண்டரைக்கு ஒரு பாட்டிலை எடுத்தாள். அது உப்பியிருந்தது. "அண்ணி, பாட்டில் முழுகாம இருக்கு" என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திருகினாள். பட்டாசு மாதிரி வெடித்தது. மூடி வலது புருவத்து எலும்பில் அடித்து, கலவை முழுக்க இரண்டு கண்ணிலும் அப்பியது. அவள் தன் முகத்தைத் தானே நகத்தால் பிய்த்தாள். அந்த அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை.

5. தலை அலசும் தொட்டி மூன்றடி தூரத்தில். அதில் ஒரு வாடிக்கையாளர் படுத்திருந்தார். அவரை எழுப்பக் கூடாது என்று முதலாளி தடுத்தார். "கஸ்டமர் முன்னாடி கத்தாதே" என்று சொல்லி, வாலுவின் சடையைப் பிடித்துப் பின்னறைக்கு இழுத்தார். அவள் முழங்கால் தரையில் உரசிக்கொண்டு போனது. நான் ஹேர் டிரையரை எடுத்து அவர் வாயில் அடித்தேன். விழுந்த பிறகும் ஒருமுறை அடித்தேன். பிறகு அந்த வாடிக்கையாளரே எழுந்து குழாயைத் திருகிவிட, நானும் அவருமாக வாலுவின் கண்ணைக் கழுவினோம். இரண்டு பல் போனதாக முதலாளி புகாரில் சொல்கிறார். ஒன்றுதான் போனது, மற்றது ஆடிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். வருத்தப்பட முயற்சி செய்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

6. வலது கண் போய்விட்டது. இடது கண்ணை மூன்று நாள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். என்ன மருந்து பட்டது என்று கேட்ட டாக்டரம்மாதான், அந்தக் கலவை வாயு விட்டுக்கொண்டே இருக்கும், அடைத்தால் வெடிக்கும் என்று விளக்கினார். பதினோரு வருடம் கலக்கிய எனக்கு இதைச் சொல்ல ஒரு கண் போக வேண்டியிருந்தது. அடக் கடவுளே என்று அப்போதுதான் இரண்டாவது பாட்டில் நினைவுக்கு வந்தது.

7. அது பின்னறை அலமாரியில், கீழ்த்தட்டில், துண்டுகளுக்குப் பின்னால் இருக்கிறது. பார்க்க ஷாம்பு பாட்டில்தான். கடை இன்று பூட்டு. நாளை முதலாளியின் தம்பி திறக்கிறார். எட்டு மணிக்குப் பெருக்கித் துடைக்கும் அக்கா வந்து, எல்லா ஷாம்பு பாட்டிலையும் திறந்து தொட்டியருகே நிரப்பி வைப்பார். அவரிடம் போன் கிடையாது. வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது, இத்தனை வருடத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருக்கிறது. தம்பியிடம் சொன்னேன். "முதல்ல எங்கண்ணன் பல்லுக்குப் பதில் சொல்லு" என்று போனை வைத்துவிட்டார். காவல் நிலையத்தில், பாட்டில் மேலெல்லாம் கேஸ் போட முடியாதும்மா என்று சிரித்தார்கள். அந்தத் தெருவிலேயே நான் காலெடுத்து வைக்கக் கூடாது என்றும் எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

ஆகவே, இன்று மாலை அலுவலகம் மூடுவதற்குள் கடையைத் திறக்கச் செய்து, தக்க ஆளைக் கொண்டு அந்தப் பாட்டிலை அகற்றும்படி தங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வருபவர் அதைக் குலுக்க வேண்டாம், முகத்துக்கு நேரே பிடிக்க வேண்டாம். ஜன்னல் ஆணியையும் பிடுங்கச் சொல்லுங்கள். என் மேல் எந்த வழக்கு வேண்டுமானாலும் போடட்டும், அது பிறகு.

தங்கள் ஆள் வராவிட்டால், நாளை காலை ஏழரை மணிக்கு நான் கடைப் பூட்டை உடைப்பேன். யாரும் என்னைத் தேடி அலையக் கூடாது என்று இந்த மனுவின் நகலைக் காவல் நிலையத்திலும் கொடுத்திருக்கிறேன். பாட்டிலை வாளியில் வைத்து நானே திறந்துவிடுவேன். எனக்கு இன்னும் இரண்டு கண் இருக்கிறது.

நாள்: வெடித்ததற்கு மறுநாள், மதியம் ஒன்றரை மணி
இடம்: கண் ஆஸ்பத்திரி, பெண்கள் வார்டு வாசல் பெஞ்சு

உண்மையுடன்,
(கையொப்பம்)
வாலுவின் அண்ணி