ஒரு ‘ஆங்’ சொன்ன குற்றம்

என் அன்பு நைனாவுக்கு,

உன் முதல் வருஷத் திதிக்குக் கொழும்பிலிருந்து திருத்தணி வந்திருக்கிறேன். காரியம் முடிந்தது. உடம்பு அலுத்துக் கிடக்கிறது, மனசு அதைவிட. இன்றைக்கும் கடைத்தெருவில் ஒருத்தர் கேட்டுவிட்டார்: “இன்னாபா, அன்னிக்கு மொட்ட போட்டுகினியே, அந்த வேண்டுதல் பலிச்சுதா?” பதினோரு வருஷமாக இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பிக்கொண்டிருக்கிறேன்.

அந்த மொட்டையின் கதை இந்த ஊரில் உனக்கும் எனக்கும்தான் தெரியும். நம்ம ஊர் ரயில் மேடையில் ஒரு வியாபாரியின் துணி மூட்டை காணாமல் போனது. வண்டி இரைந்துகொண்டு நுழைகிற நேரம், தெற்கேயிருந்து புதிதாக வந்த போலீஸ்காரர் என்னிடம் ஏதோ கேட்டார். காதில் விழவில்லை. நம்மூர் வழக்கப்படி “ஆங்?” என்றேன். நான் ‘என்ன’ என்று கேட்டேன்; அவர் ‘ஆமாம்’ என்று எழுதிக்கொண்டார். மூன்று நாள் லாக்கப். மூட்டை வேறொரு ரயில் பெட்டியில் கிடைத்ததும் போகச் சொல்லிவிட்டார்கள்.

மலைக்கு வருகிறவர்களுக்கு முடி இறக்குவது உன் தொழில். என்னை நேராகக் குளத்தங்கரைக்குக் கூட்டிப்போய் மொட்டை அடித்தாய். “யார் கேட்டாலும் மூணு நாள் விரதம், வேண்டுதல்னு சொல்லு. திருட்டுப் பையனோட அப்பன்னா எவன்டா என் கத்திக்குத் தல குடுப்பான்?” ஆயிரம் தலையில் பிசகாத கத்தி அன்று பிசகியது. காதுக்குப் பின்னால் வெட்டிவிட்டாய். அழுதது நீதான், நான் இல்லை.

இப்போது சிலோனில் புதுச் சட்டம். அங்கேயே இருக்கப் பிரஜாவுரிமைக்கு மனுப்போட வேண்டும். மனு எழுதித் தரும் யாழ்ப்பாணத்துக்காரர் அடையாளத் தழும்பு கேட்டார், காதைக் காட்டினேன். அடுத்து, போலீஸ் பிடித்தது உண்டா என்றார். சொன்னேன். பேனாவை மூடிவிட்டார். “மூண்டு நாள்தானே. இல்லையெண்டு எழுதுவம்.”

உண்டு என்றே எழுதச் சொன்னேன், நைனா. மனுவைத் தள்ளிவிட்டால் என் கடை வேலை போகும். அங்கேயே பிறந்த என் இரண்டு பெண்களுக்கும் ஊர் போகும். பொஞ்சாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “உங்க ஊருக்கே பொய் சொன்ன மனுஷருக்கு இங்க மட்டும் உண்மை வருதோ?” என்றாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? உன் கை பட்ட தழும்பை எழுதிய காகிதத்தில், அதற்குக் கீழேயே ‘இல்லை’ என்று எழுத எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான். பயமாக இருக்கிறது. நீ இருந்தால் திட்டுவாயா?

இந்தக் கடிதத்தை அச்சுக்கும் கொடுக்கிறேன். நீதான் இல்லையே, இனி உன் கத்திக்கு யாரும் தலை கொடுக்காமல் போய்விட மாட்டார்கள்.

அடுத்த வாரம் கொழும்பில் மனு விசாரணை. அதிகாரி கேட்பதைக் காது கொடுத்துக் கேட்பேன். விளங்காவிட்டால் இன்னொரு தரம் கேட்கச் சொல்வேன். பிறகு ‘ஆங்’ என்று இழுக்காமல், ‘ஆமாம்’ என்று சொல்வேன். இது சத்தியம், நைனா.

உன் கையால் மொட்டையான மகன்,
ஏழுமலை